எடுபிடி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கேள்வி: என் மகன் ஞாயிறு விடியற்காலையில் நந்தி மலைக்கு சைக்கிள் மிதிக்கிறான். மற்ற நேரமெல்லாம் பிரான்ஸ், ஸ்பெயின் மலைப் பந்தயங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு அணியில் எட்டு பேராம், அதில் ஏழு பேர் எடுபிடிகளாம், மிச்சம் ஒருவனை ஜெயிக்க வைப்பதுதான் அவர்கள் வேலையாம். இது என்ன விளையாட்டு? எடுபிடி என்றைக்காவது ஜெயித்ததுண்டா?
(வாசகர், அல்சூர், பெங்களூரு)

பதில்: ஜெயித்திருக்கிறார். 2023-ல், ஸ்பெயினில். அதைச் சொல்லாமல் விடமாட்டேன். அதற்கு முன்னால், உங்கள் கேள்வியில் இரண்டு முறை வந்திருக்கும் அந்த 'எடுபிடி'யைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

உங்கள் மகன் அதைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அணித் தலைவருக்காக சைக்கிள் மிதிக்கிறவரை பிரெஞ்சில் 'தொமெஸ்தீக்' என்பார்கள். வீட்டு வேலைக்காரன் என்று பொருள். 1911-ல் டூர் த பிரான்ஸ் பந்தயத்தை நடத்தி வந்த ஆன்றி தெகிராஞ்ச், மொரீஸ் புரோக்கோ என்ற வீரரைத் திட்டுவதற்காக எடுத்த சொல் அது. தான் வெல்லும் வாய்ப்பு கைவிட்டுப் போனதும் புரோக்கோ இன்னொரு வீரருக்குத் துணையாக ஓட்டினார். அதுதான் குற்றம். மறுநாள் மலைப் பாதையில் அதே புரோக்கோ எல்லோரையும் அரை மணி நேரத்துக்கு மேல் பின்னால் விட்டுவிட்டு முதலாவதாக வந்து சேர்ந்தார். தெகிராஞ்சோ அவரைப் பந்தயத்தை விட்டே விலக்கினார். சொல் மட்டும் தங்கிவிட்டது. ஆனால் இன்று அங்கே யாரும் அதை வசையாகச் சொல்வதில்லை. அந்த வேலையைச் செய்கிறவர்களே நிமிர்ந்து நின்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இங்கே அப்படியா இருக்கிறது? பழைய வாசகர்களுக்குத் தெரியும், இந்தப் பத்திரிகையில் 'வேலைக்காரி' என்று அச்சேற விடமாட்டேன். வரி விளம்பரத்தில் 'வேலைக்காரி தேவை' என்று எழுதி வந்தால் 'வீட்டு வேலைக்கு ஆள் தேவை' என்று மாற்றித்தான் போடுவேன். தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் இந்த ஊருக்கு வந்து, விடிவதற்குள் தன் வீட்டில் சோறு வடித்து வைத்துவிட்டு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைக்கிற பெண்கள் ஒரே ஒரு நாள் வராமல் போனால் போதும், எத்தனை ஐ.டி. கம்பெனி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் 'வீட்டு வேலை செய்பவர்கள் இந்த லிஃப்டில் ஏறக் கூடாது' என்று பலகை மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு எழுதினேன். கோபமாகக் கடிதங்கள் வந்தன, இரண்டு பேர் சந்தாவை நிறுத்தினார்கள். பலகை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. நானும் விடப்போவதில்லை. கர்நாடக அரசு 2004-லேயே வீட்டு வேலையைக் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் சேர்த்தது. எத்தனை வீடுகளில் அந்தக் கணக்குப்படி சம்பளம் போகிறது? வீட்டுப் பணியாளர்களுக்காகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த 189-ஆம் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவே இல்லை.

சரி, மலைக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெப்பாளைத் தாண்டி தேவனஹள்ளிப் பக்கம் காரில் போனபோது, முன்னால் ஐந்து பையன்கள் ஒருவர் சக்கரத்தை ஒருவர் ஒட்டினாற்போல சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் போன பையன் மட்டும் தலையைக் குனிந்து, எதிர்காற்றை முகத்திலும் தோளிலும் வாங்கிக்கொண்டு மிதித்தான். பின்னால் வந்தவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவர்களால் சிரிக்க முடிந்ததே அவனால்தான். சமதளத்தில் ஒருவர் பின்னால் ஒளிந்து போனால் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட உழைப்பு மிச்சமாகும். இந்தக் கணக்கின் மேல்தான் மூன்று வாரப் பந்தயம் முழுவதும் நிற்கிறது. தலைவரின் காலில் கடைசி மலைக்கு வேண்டிய வலு மிஞ்ச வேண்டுமென்றால், அதுவரை அவருடைய காற்றை வேறு யாரோ வாங்க வேண்டும். அணியின் காருக்குப் பின்வாங்கிப் போய், தண்ணீர் பாட்டில்களைச் சட்டையின் முதுகுக்குள் திணித்துக்கொண்டு, அந்தப் பாரத்தோடு மறுபடி கூட்டத்தை எட்டிப் பிடித்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பதும் அவர்கள்தான்.

மலை தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. வேகம் குறைவதால் காற்று மறைப்புக்கு அவ்வளவு பலனில்லை. அப்போது ஒவ்வொருவராக முன்னால் வந்து, எதிரணிக்காரர் எவரும் தப்பி ஓட முடியாத வேகத்தில் இழுத்து, மூச்சு முட்டியதும் ஓரம் ஒதுங்குவார்கள். காலையிலேயே ஒருவரை முன்னால் அனுப்பி வைத்து, இரண்டு மலைக்கு நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் தலைவருக்காகக் காத்திருக்கச் செய்வதும் உண்டு. ஒதுங்கியவருக்கு அத்தோடு வேலை முடிந்ததா என்றால் இல்லை. குறித்த நேரத்துக்குள் கோட்டைத் தொடாவிட்டால் மறுநாள் அவருக்குப் பந்தயமே கிடையாது. வென்றவர் பரிசுப் பணத்தை அணியோடு பங்கிட்டுக்கொள்வது அங்கே நெடுநாள் வழக்கம்.

1934 டூர் த பிரான்ஸில் ரெனே வியெத்தோ என்று ஒரு பையன். வயது இருபது. கேன் நகரில் ஓட்டல் பையனாக வேலை பார்த்துவிட்டு வந்தவர். பிரேனீஸ் மலை இறக்கத்தில் அணித் தலைவர் அந்தொனின் மாஞ்சின் முன்சக்கரம் உடைந்தது. வியெத்தோ தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாலையோரக் கல்சுவரில் உட்கார்ந்து உதவி வண்டிக்காகக் காத்திருந்தார். அழுதுகொண்டிருக்கும் அந்தப் படம் இன்றும் கிடைக்கிறது. அடுத்த நாளும் மாஞ்சின் சைக்கிள் பழுதாக, முன்னால் போய்விட்டிருந்த வியெத்தோ திரும்பி, இறங்கிய மலையை மறுபடி ஏறி வந்து தன்னுடையதைக் கொடுத்தார். மாஞ் பந்தயத்தை வென்றார். வியெத்தோவுக்கு மலை ஏற்றத்தில் முதலிடம், மொத்தத்தில் ஐந்தாவது இடம். அவரைப் பிறகு டூர் பட்டம் ஒரு முறைகூட வந்தடையவில்லை. அந்தச் சுவரை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். செப் கஸ், அமெரிக்காவின் கொலராடோக்காரர். 2023-ல் இத்தாலியில் பிரிமோஷ் ரோக்லிச் வெல்வதற்காக மிதித்தார், பிரான்ஸில் யோனஸ் விங்கேகோர் வெல்வதற்காக மிதித்தார். இரண்டு பேரும் வென்றார்கள். அதே வருஷம் மூன்றாவதாக ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவுக்கும் போனார். ஆறாம் நாள் மலையில் முதலாவதாக வந்து, எட்டாம் நாள், மொத்த நேரக் கணக்கில் முதலில் இருப்பவருக்கான சிவப்புச் சட்டையும் அவர் மேல் ஏறியது. அணியில் அவரோடு ரோக்லிச்சும் விங்கேகோரும் இருந்தார்கள்.

செப்டம்பர் 13. கஸ்ஸுக்கு அன்று 29-ஆவது பிறந்த நாள். ஆங்லிரு மலை. சில இடங்களில் 23 சதவீதத்துக்கு மேல் செங்குத்தாக நிற்கிற சாலை. மேலே நெருங்கும்போது அந்த இருவரும் கஸ்ஸை விட்டுவிட்டு முன்னேறிப் போனார்கள். வருஷம் முழுக்க யாருக்காக மிதித்தாரோ அவர்களே. அந்தச் செங்குத்தில் கஸ் ஒட்டிக்கொள்ளக் கிடைத்த சக்கரம் எதிரணிக்காரரான மிக்கெல் லாண்டாவுடையது. அவரைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தபோது சிவப்புச் சட்டை 8 விநாடியில் தப்பியது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். மறுநாளிலிருந்து அணி அவருக்காக மிதித்தது. மத்ரித்தில் முடிந்தபோது கஸ் முதலிடம், 17 விநாடி பின்னால் விங்கேகோர், 1 நிமிடம் 8 விநாடி பின்னால் ரோக்லிச்.

உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள். நந்தி மலைக்குப் போகும் வழியில் அவன் யார் முதுகுக்குப் பின்னால் போகிறான்? அடுத்த ஞாயிறு அந்தப் பையனைப் பெயர் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட்டு, சூடாக நாலு இட்லி போடுங்கள். நாலு போதாது, இன்னும் இரண்டு சேர்த்தே வையுங்கள்.