“சும்மா, பழைய கதை அத்தை!”

கேள்வி: சென்னையில் வங்கி வேலை. ஒவ்வொரு மே மாதமும் பத்து நாள் காரைக்குடிப் பக்கம் கண்டனூரில் கணவர் வீட்டுக்குப் போவோம். வீட்டு நடுவில் முற்றத்தைச் சுற்றிய வளவில், ஆத்தங்குடித் தரைக்கல்லின் குளிர்ச்சியில் படுத்துக்கொண்டு, பழைய பைண்டு தொடர்கதைகளைப் படித்துத் தள்ளுவேன். மாமியார் இளவயதில் சேர்த்தவை. இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து “என்ன கதை?” என்பார். “சும்மா, பழைய கதை அத்தை” என்று சொல்லிவிட்டுப் படிப்பேன். ஊர் திரும்பினால் ஒரு பக்கம்கூட ஓடுவதில்லை. வருடம் முழுதும் படிக்க என்ன வழி?
- வாசகி, சென்னை

பதில்: நேரமில்லை என்று மாதம் நாலைந்து கடிதம் வருகிறது. அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிய ‘சும்மா’தான் என்னை உறுத்துகிறது.

வாரப் பத்திரிகையில் கம்பியைப் பிரித்து, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழியாமல் எடுத்து, வரிசை மாறாமல் அடுக்கி, கதை முடிந்ததும் பைண்டிங்குக்குக் கொடுத்தவர் உங்கள் மாமியார். சில கதைகள் மூன்று வருடத்துக்கு மேல் ஓடின. ஒரு வாரம் தவறினாலும் நடுவில் ஒரு அத்தியாயம் இருக்காது. இரண்டாங்கட்டு அடுப்பும் விசேஷ வீட்டுக் கூட்டமும் பிள்ளைப்பேறுமாக இருந்த காலத்தில் அதைத் தவறவிடாமல் செய்திருக்கிறார். அரிசி களையும்போது, அந்தப் பெண் என்ன ஆவாளோ என்று அடுத்த இதழ் வரை மனசுக்குள் வைத்துக்கொண்டிருப்பது படிப்பில் பாதி சுகம். பத்து நாளில் விழுங்குகிற உங்களுக்கு அது கிடைத்ததே இல்லை. வருடம் முழுதும் படிப்பது எப்படி என்று என்னைக் கேட்கிறீர்கள். செய்து காட்டியவர் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

என்ன கதை என்று தெரியாமலா கேட்டார்? “எனக்கும் கொஞ்சம் வாசி” என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். பெரியவர்களைக் கேட்க வைக்கக் கூடாது, கேட்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. பெண் வீட்டிலிருந்து வரும் ஆடி வேவுச் சீரில் எது குறைந்தது என்று கணக்குப் பார்க்கிற நம் வீடுகளில் இந்தக் குறையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்றிரவு ஒன்பது மணிக்குப் போன் போட்டு ஒரு அத்தியாயம் வாசியுங்கள். நாளைக்கும் அப்படியே. உங்கள் வருடப் படிப்பும் அதிலேயே நடந்துவிடும். எதை வாசிப்பது என்று அவரையே கேளுங்கள். சென்னையில் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. கிளை நூலகத்தில் சேர்ந்து எடுத்து வாருங்கள்.

பைண்டுகளைப் பெட்டியில் திணித்துச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டாம். மலிவான மரக்கூழ்த் தாளை அதிலிருக்கிற அமிலமே அரித்துவிடும். மூலையை மடித்தால் ஒடிந்து கையோடு வந்துவிடும். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகப் புத்தகமும் பத்திரிகையுமாகச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானபின் அந்தச் சேகரிப்புதான் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. உங்கள் மாமியார் செய்ததும் அதே காரியம்தான். அவர் பெயரையும் வருடத்தையும் ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொரு பைண்டுக்குள்ளும் வையுங்கள்.

அப்புறம், கண். ‘மங்கிவிட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, எத்தனை மே மாதமாக? யாராவது காட்டினீர்களா? கண்புரையாக இருந்தால் அறுவை செய்து லென்ஸ் வைத்துவிடலாம். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-லிருந்து இருக்கிறது, கண்டனூரிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். கூட்டிப்போக வேண்டியது முதலில் பெற்ற பிள்ளை. அடுத்த மே வரை தள்ளாமல், இந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போகச் சொல்லுங்கள் உங்கள் கணவரை.