பள்ளியை முடிக்கும் மாணவர்கள் எதிர்காலக் கனவுகளைக் கடிதமாக எழுதி, 10 ஆண்டு கழித்துத் திறக்கும்படி பெட்டியில் வைப்பது எப்படி?

கேட்டவர் சொல்லும் விவரம் இது: இறுதி வகுப்பில் 40 பேர். ஆளுக்கொரு கடிதம், கூடச் சில புகைப்படங்கள், ஒரு பென் டிரைவ். பள்ளி மைதானத்தில் புதைத்துவிட்டு 10 ஆண்டு கழித்துத் தோண்டி எடுப்பதாகத் திட்டம். எந்தப் பெட்டி, எந்தப் பேனா, எவ்வளவு ஆழம்?

ஆழத்திலிருந்தே தொடங்குகிறேன். புதைக்கவே வேண்டாம்.

அமெரிக்காவில் டல்சா நகரத்தார் 1957 ஜூன் 15 அன்று புத்தம்புது பிளைமவுத் பெல்வெடியர் கார் ஒன்றைக் கான்கிரீட் அறைக்குள் இறக்கிப் புதைத்தார்கள். அணுகுண்டையே தாங்கும் என்று சொல்லிக் கட்டிய அறை. 2007 ஜூனில் திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் நின்றிருந்தது. கார் முழுக்கத் துரு. அதே குழியில் பற்றவைத்து (வெல்டிங் செய்து) மூடிய ஓர் எஃகுக் கலனும் இருந்தது. அதற்குள் வைத்த காகிதங்கள் நனையாமல் வந்தன. கான்கிரீட் பெரிதாக இருந்தாலும் நீர் கசியும். சின்னக் கலன், மூடி சரியாக இருந்தால் தாங்கும். ஆனால் அந்த வேலைக்கு மண் தேவையில்லை. கட்டடத்துக்குள் பூட்டிய அலமாரி ஒன்று போதும். வெயில் படும் வெளிச்சுவரை ஒட்டியோ மொட்டை மாடிக்கு நேர் கீழேயோ, தண்ணீர்க் குழாய் ஓடும் சுவரிலோ வேண்டாம். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், உள்சுவரை ஒட்டி வையுங்கள். சடங்குக்கு மண் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இருந்தால் அன்றைக்கு ஒரு மரக்கன்று நடச் சொல்லுங்கள்.

பெட்டி: 10 லிட்டர் கொள்ளளவு, துருப்பிடிக்காத எஃகு, 304 தரம், சிலிகோன் வளையத்தோடு கொக்கி போட்டு இறுக்கும் மூடி. சாதாரண ரப்பர் வளையம் சில ஆண்டுகளில் கெட்டியாகி வெடிக்கும், சிலிகோன் தாங்கும். பிஸ்கட் டின் மாதிரியான தகரப் பெட்டிகள் மடிப்பு ஓரத்தில் துருவைத் தொடங்கும். பிவிசி குழாயை இரண்டு பக்கமும் அடைத்துச் செய்யும் முறையை நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல அமிலப் புகை விடும், காகிதத்துக்கு ஆகாது. மூடியைப் பற்றவைக்கவும் வேண்டாம். வெல்டிங் சூடு உள்ளே இருப்பதைக் கருக்கும், திறக்கும் நாளில் அறுக்கும் பொறி தேட வேண்டியும் வரும்.

இனி ஈரம். பெரும்பாலோர் இங்கே கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம். ஆளுக்கு மூன்று தாள் என்றால் 120 தாள், 600 கிராம். பார்வைக்கு உலர்ந்த காகிதத்திலேயே எடையில் 6 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும். அதாவது சுமார் 36 கிராம் தண்ணீர். பெட்டிக்குள் இருக்கும் 10 லிட்டர் காற்றில் எவ்வளவு? நல்ல புழுக்கமான நாளில்கூட 0.3 கிராம்தான். ஆகவே பெட்டியை வெயிலில் காயவைத்துப் புண்ணியமில்லை. காகிதத்தைத்தான் உலர்த்த வேண்டும். மழை இல்லாத வாரமாகப் பார்த்து, கடிதங்களை ஏசி ஓடும் அறையில் இரண்டு நாள் பரப்பி வையுங்கள். பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 100 கிராம், இரண்டு துணிப்பைகளில். ஈரம் ஏறினால் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகையை வாங்குங்கள். நீல வகையில் நச்சுத்தன்மை கொண்ட கோபால்ட் உப்பு இருக்கும், பள்ளிக்கூடத்தில் அது வேண்டாம். வாங்கும்போதே பச்சையாக இருந்தால் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும். ஆறும்வரை திறந்து வைக்காதீர்கள், மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பேனாவுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். நாலு பேனாவில் ஒரே தாளில் ஒவ்வொரு வரி எழுதி ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு தாளைப் பாதி மூழ்கும்படி ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். ஸ்கெட்ச் பேனா வரி பூப்போலக் கரைந்து பரவும். மைப்பேனாவின் நீல மை வெளிறிப்போய் வரி இருந்த இடம் மட்டும் தெரியும். நிறமித்துகள் மை போட்ட கறுப்பு ஜெல் பேனா வரி அசையாது. எச்பி பென்சில் வரியும் அசையாது; தேய்த்தால் இழுபடும், அவ்வளவுதான். இந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். கணினியில் அச்சிடுவதானால் லேசர் அச்சு. ஆனால் லேசர் தாளைப் பிவிசி உறையில் போடக் கூடாது. எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள்.

காகிதத்துக்கு ரொம்பவும் அலட்டிக்கொள்ள வேண்டாம். 10 ஆண்டுக்கு நல்ல நகல் தாள் போதும். 50 ஆண்டு என்றால் ஐஎஸ்ஓ 9706 (நெடுநாள் நிற்கும் தாளுக்கான உலகத் தரம்) என்று அச்சிட்ட தாளைத் தேடுங்கள். செய்தித்தாள் வெட்டித்துண்டு வேண்டுமென்றால் நகலெடுத்து நகலை வையுங்கள்; மூலத்தில் இருக்கும் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். சினிமா டிக்கெட், பேருந்து டிக்கெட், கடை ரசீது ஆகியவற்றில் பல வெப்ப அச்சுத் தாள்கள். எழுத்து மறைந்து வெறும் தாள் கிடைக்கும்.

எதெல்லாம் உள்ளே போகக் கூடாது? ரப்பர் பேண்ட் (உருகி ஒட்டும்), ஜெம் கிளிப், ஸ்டேபிள் பின் (துரு), செல்லோடேப் (பசை பழுத்து ஊறும்), பேட்டரி போட்ட எதுவும் (ஒழுகும்), சாக்லேட் உட்பட எந்தத் தின்பண்டமும். புகைப்படங்களை முகத்தோடு முகம் அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒவ்வொரு வெள்ளைத் தாள். பின்பக்கம் பென்சிலால் இடமிருந்து வலமாக முழுப் பெயர்கள். செல்லப் பெயர் மட்டும் எழுதினால் 28 வயதில் அது யாரென்று ஞாபகம் வராது.

பென் டிரைவ் வைக்கலாம், நம்பக் கூடாது. அதில் தகவல் நிற்பது மின்னேற்றமாக. மின் இணைப்பே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. செருகும் துளையும் அதற்குள் மாறிவிடலாம். முக்கியமான படங்களை அச்சிட்டுவிடுங்கள். வீடியோவின் இரண்டாம் பிரதியை வெளியே ஒருவர் வைத்திருந்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதிய சேமிப்புக்கு மாற்ற வேண்டும்.

பொருள் விஷயம் இவ்வளவே. உண்மையில் இப்படிப்பட்ட பெட்டிகள் அழுகிப் போவதைவிட மறந்து போவதுதான் அதிகம். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1938இல் நியூயார்க்கில் ஒரு காலப்பேழையைப் புதைத்தது. திறக்க வேண்டிய ஆண்டு 6939. பேழை எங்கே இருக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதிய புத்தகத்தை அச்சிட்டு உலகம் முழுக்க நூலகங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். பேழைக்குச் செய்த அக்கறையில் பாதியை அவர்கள் ஞாபகத்துக்குச் செய்தார்கள்.

உங்கள் பெட்டி தொலையும் விதம் எனக்கு இப்போதே தெரிகிறது: ஏழாம் ஆண்டு தலைமை ஆசிரியர் மாறுவார், அலமாரியைச் சுத்தம் செய்வார்கள், “இது என்னது?” என்று யாரோ கேட்பார்கள், பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அதைத் தடுக்க மூன்று வேலை. பெட்டி மேலேயே உலோகத் தகட்டில் பொறித்து வையுங்கள்: எந்த வகுப்பு, எந்த ஆண்டு, உள்ளே கடிதங்கள், திறக்கும் தேதி, எறிய வேண்டாம். “பத்தாண்டு கழித்து” என்று எழுதாமல் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள், முடிந்தால் விடுமுறை நாளாகப் பார்த்து. பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் வாங்குங்கள். பதிவேட்டில் இருக்கும் பொருளைக் கழிக்க யாராவது கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். மூன்றாவது, பத்துப் பேரின் பட்டியல், ஆண்டுக்கு ஒருவர். அவரவர் முறை வரும் ஆண்டில் நேரில் போய்ப் பெட்டியைப் பார்த்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிய தாளில் தேதியும் கையெழுத்தும் போட்டு, வகுப்புக் குழுவில் ஒரு படம் அனுப்ப வேண்டும். தொலைபேசி எண்கள் மாறும். பெற்றோர் முகவரியையும் சேர்த்து வாங்குங்கள்.

இனிக் கடிதம். “உன் கனவை எழுது” என்று தாளைக் கொடுத்தால் 40 பேரும் டாக்டர், கலெக்டர், அம்மா அப்பாவைப் பெருமைப்படுத்துவேன் என்று ஒரே மாதிரி எழுதுவார்கள். ஆசிரியர் படிப்பார் என்ற பயம்தான் காரணம். யாரும் படிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி, அவர்கள் கையாலேயே உறையை ஒட்ட விடுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். முதல் நாள் 40 நிமிடம், இரண்டு நாள் கழித்து 20 நிமிடம். இரண்டாம் அமர்வில்தான் உண்மை வரும்.

கேள்விகளைக் குறுகலாக வையுங்கள். இந்த வாரம் எதை நினைத்துத் தூக்கம் வரவில்லை? வீட்டில் சொல்லாத ஆசை எது? இந்த வகுப்பில் யாரோடு அப்போதும் பேசிக்கொண்டிருப்பாய்? தேர்வு முடிவு கைவிட்டால் அடுத்த வழி என்ன? கடைசியாக, சரியா தப்பா என்று பார்க்கக்கூடிய மூன்று கணிப்பு: எந்த ஊரில் இருப்பேன், என்ன வேலை, வகுப்பில் எத்தனை பேர் திறப்பு விழாவுக்கு வருவார்கள். டல்சாவிலும் இதைத்தான் செய்தார்கள். 2007இல் நகர மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று 1957இல் கணிப்பு வாங்கிக் கலனில் வைத்தார்கள். மிக நெருங்கிச் சொன்னவருக்கே கார் என்பது போட்டி. “நன்றாக இருப்பேன்” என்ற வரியை யாரும் திரும்பப் படிப்பதில்லை. எண்ணும் ஊரும் பெயரும் இருந்தால் சிரிப்பும் வரும், வலியும் வரும்.

உறையின் முன்பக்கம் முழுப் பெயர். பின்பக்கம் ஒரு கேள்வி, அவர்களே டிக் போட வேண்டும்: நான் வர முடியாவிட்டால் தபாலில் அனுப்பவும், வீட்டாரிடம் கொடுக்கவும், பிரிக்காமல் அழிக்கவும். 40 பேரில் ஒருவர் அன்றைக்கு உயிரோடு இல்லாமல் போகலாம். வீட்டில் சொல்லாத ஆசையை எழுதச் சொல்லிவிட்டு, அந்த உறையை வீட்டாரிடம் நீட்டலாமா என்று அப்போது நீங்கள் தவிக்கக் கூடாது. எழுதியவரே இப்போது சொல்லிவிடட்டும்.

திறக்கும் நாளில் மேடையில் படிக்க வைக்காதீர்கள். உறையைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் தனியாக விடுங்கள். பகிர விரும்புகிறவர்கள் பிறகு பகிரட்டும். வராதவர்களின் உறைகளில் பின்பக்கம் பார்த்து அதன்படி செய்யுங்கள். டிக் போடாத உறைகளைப் புதிய சிலிக்கா ஜெல்லோடு அதே பெட்டியில் திரும்ப வைத்து, தகட்டில் அடுத்த தேதியைப் பொறித்துவிடுங்கள்.