மகன் போயிட்டான், கவுன்சில் வீட்டில தனிய இருக்கிறன். ஒரு ரூமை லொட்ஜருக்கு விட்டா யுனிவர்சல் கிரெடிட்டை வெட்டுவினமா?

அக்கா, நீங்கள் எழுதினதை வாசிச்ச உடன எங்கட அம்மான்ர ஞாபகம்தான் வந்தது. லண்டன்ல ரெண்டு பெட்ரூம் கவுன்சில் வீடு, மகன் கலியாணம் முடிச்சுப் போயிட்டார், நீங்கள் யூசில (யுனிவர்சல் கிரெடிட், வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு அரசாங்கம் மாசாமாசம் தாற உதவிக் காசு) இருக்கிறீங்கள், யாழ்ப்பாணத்தில இருந்து படிக்க வந்த பிள்ளை ஒண்டு மாசம் 500 பவுண்ஸ் தாறன் ரூம் தாங்கோ எண்டு கேட்டிருக்கு, ஓம் எண்டா உள்ளதும் போயிடுமோ எண்டு பயம். அந்தப் பயம் எனக்கு நல்லா விளங்குது.

முதல் நேர விஷயத்தைச் சொல்லுறன். யுனிவர்சல் கிரெடிட்டில இருக்கிற ஆளுக்கு லொட்ஜர், அதாவது உங்கட வீட்டிலயே ஒரு ரூமில வாடகைக்கு இருக்கிற ஆள், தாற வாடகைய வருமானமா எடுக்கிறேல்லை. அரைவாசி எண்டும் இல்லை, முழுக்க விட்டிடுவினம். உங்கட காசு அதால ஒரு சதமும் குறையாது.

ஆனா பெட்ரூம் டாக்ஸ் எண்டு சனம் சொல்லுற வெட்டு ஒண்டு இருக்குத்தானே, 2013 ஏப்ரல்ல வந்தது, கவுன்சில் வீட்டிலயோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலயோ ஒரு ரூம் கூட இருந்தா வாடகைக்காகத் தாற காசில 14 வீதம், ரெண்டோ அதுக்கு மேலயோ எண்டா 25 வீதம் வெட்டுறது. யூசில லொட்ஜர் படுக்கிற ரூமையும் வெறும் ரூம் எண்டுதான் கணக்கெடுப்பினம். அப்ப உங்கட வாடகை மாசம் 600 எண்டு வைச்சா 84 பவுண்ஸ் போகும். இது அந்தப் பிள்ளை வந்ததால வாற வெட்டு இல்லை அக்கா, மகன் போன உடனயே வாறது. அவ தாற 500ல இந்த 84ஐ நீங்கள் கட்டினாலும் 416 கையில நிக்கும். வெறும் ரூமுக்கு மாசாமாசம் கையில இருந்து கட்டிறதை விட ஒரு பிள்ளை இருந்திட்டுப் போகட்டும் எண்டுதான் நான் சொல்லுவன்.

இனி அம்மான்ர கதை. இதை ஏன் சொல்லுறன் எண்டா, எங்கட ஆக்கள் ஒராளுக்குச் சரியா வந்ததை எல்லாருக்கும் சரி எண்டு சொல்லிப்போடுவினம், அங்கதான் பிழைக்கிறது. அம்மா இந்த நாட்டுக்கு வயசு போய் வந்தவ, வேலை செய்த வருசம் குறைவு, அதால ஸ்டேட் பென்ஷன் கொஞ்சம், மிச்சம் பென்ஷன் கிரெடிட்தான், வருமானம் குறைஞ்ச வயசானவைக்கு அரசாங்கம் தாற உதவிக் காசு. அப்பா போனாப்பிறகு ஒரு பெடியனை வைச்சிருந்தவ, கிழமைக்கு 120 பவுண்ஸ், இரவுச் சாப்பாட்டோட. பக்கத்து வீட்டில ஒரு அன்ரி, தான் யூசில இருக்கிறவ, "லொட்ஜர் காசு கணக்கில்லை, நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை" எண்டு சொல்லியிருக்கிறா. அம்மாவும் நம்பிட்டா. ஒவ்வொரு வெள்ளியும் பெடியன் தாற காசை மைலோ டின்னுக்க வைச்சிட்டு சுவர்க் கலண்டர்ல பென்சிலால ஒரு கோடு போடுவா. 30 கோடு போட்டாப்பிறகுதான் பிரவுண் கடிதம் வந்தது, 3,000 பவுண்ஸ் கூடக் குடுத்திட்டம், திருப்பித் தாங்கோ எண்டு. அம்மா அதை எனக்குக் காட்டாம சாமிப் படத்துக்குப் பின்னால செருகி வைச்சிருந்தவ, ரெண்டு கிழமை. ஜெயிலுக்குப் போகவேணுமோ எண்டு நித்திரை கொள்ளேல்லை. எனக்கு இப்ப நினைச்சாலும் நெஞ்சு அடைக்குது.

என்ன நடந்தது எண்டா, பென்ஷன் கிரெடிட்டில கணக்கு வேற. லொட்ஜர் தாற காசில கிழமைக்கு முதல் 20 பவுண்ஸை மட்டும்தான் விடுவினம், மிச்சம் எல்லாம் வருமானம். ஆனா நீங்கள் சமைச்சு அவர் அங்கயே இருந்து சாப்பிடுறார் எண்டா, 20ஐக் கழிச்சு வாற மிச்சத்திலயும் பாதியைத்தான் எடுப்பினம். அம்மாவுக்குச் சாப்பாடு இல்லாத கணக்குத்தான் போட்டிருந்தவை: 120ல 20 போக 100, அதை 30 கிழமையால பெருக்கினா 3,000. சாப்பாடு சேர்த்துத்தான் எண்டு நான் கடிதம் எழுதி, பெடியனும் ஒரு துண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தவன், தினமும் இரவு புட்டோ இடியப்பமோ அம்மான்ர கையாலதான் எண்டு. அந்தக் கலண்டரையும் போட்டோ எடுத்து அனுப்பினன். 1,500 ஆ குறைச்சவை, பிறகு கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டி எடுத்தவை. முதல் நாளே சொல்லியிருந்தா இதொண்டும் இல்லை.

இன்னொண்டும் பென்ஷன் கிரெடிட் ஆக்கள் கவனிக்கவேணும், கிழமைக்கு ரெண்டு மூண்டு பவுண்ஸ்தான் வருது எண்டாலும் அதை இழந்திடாதேங்கோ, 75 வயசுக்கு மேல ஃப்ரீ டிவி லைசென்ஸ் அதோடதான் கிடைக்குது, அதில கேரண்டி கிரெடிட் எண்ட பிரதான பகுதி வருது எண்டா கவுன்சில் டாக்ஸுக்கும் வாடகைக்கும் கிடைக்கிற உதவியும் அதோடதான் தொங்குது. லொட்ஜர் காசு அதைச் சைபராக்குமோ எண்டு முதலே கணக்குப் பாருங்கோ. வாடகைக்கு உதவுற பழைய ஹவுசிங் பெனிபிட்டில மட்டும் இருக்கிற ஆக்களுக்கும் இதே 20 பவுண்ஸ் கணக்குத்தான், ஆனா அதில லொட்ஜர்ட ரூமை வெறும் ரூம் எண்டு சொல்லமாட்டினம். பிப் (வருத்தம், ஊனம் உள்ள ஆக்களுக்குத் தாற காசு), சைல்ட் பெனிபிட் மாதிரி வருமானம் பாக்காமத் தாறதுகளில ஒரு மாற்றமும் இல்லை.

திரும்ப உங்கட விஷயத்துக்கு வாறன். யூசில வாடகைய கணக்கெடுக்கினம் இல்லை எண்டாலும் அதைச் சேர்த்து வைச்சா அது சேமிப்பு. பாங்கில உள்ளது எல்லாம் சேர்த்து 6,000 தாண்டினா ஒவ்வொரு 250க்கும் மாசம் 4.35 பவுண்ஸ் குறையும், 16,000 தாண்டினா யூசியே நிண்டிடும். கவுன்சில் டாக்ஸில தனி ஆளுக்கு 25 வீதம் கழிவு எடுக்கிறீங்கள்தானே, வேலைக்குப் போற லொட்ஜர் எண்டா அது போயிடும், முழுநேரமாப் படிக்கிற பிள்ளை எண்டா போகாது, யூனிவர்சிட்டியில ஒரு கடிதம் எடுத்து கவுன்சிலுக்குக் குடுக்கச் சொல்லுங்கோ. வருமான வரிக்கும் பயமில்லை, வருசம் 7,500 வரைக்கும் வரி இல்லை, உங்களுக்கு 6,000தானே வரும்.

சொந்தத் தம்பியோ தங்கச்சியோ வந்து நிண்டு காசு தந்தா அதை லொட்ஜர் எண்டு எடுக்கமாட்டினம், அது வேற வகை, 21 வயசுக்கு மேல எண்டா யூசில வாடகைக் காசில மாசாமாசம் ஒரு தொகை வெட்டுறதும் நடக்கும். எங்கட வீடுகளில இதுதான் கூட நடக்கிறது, அதால சொன்னன்.

கவுன்சிலின்ர செக்கியூர் டெனன்சி (லேசில எழுப்பேலாத வாடகை ஒப்பந்தம்) எண்டா லொட்ஜர் வைக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கு, 1985 ஹவுசிங் சட்டத்தில இருக்கு. ஹவுசிங் அசோசியேஷன், பிரைவேட் எண்டா எழுத்தில அனுமதி கேளுங்கோ. ஆனா வீட்டை முழுக்கக் குடுத்திட்டு நீங்கள் மகனோட போய் இருக்கிற எண்ணம் இருந்தா தயவுசெய்து வேண்டாம், 2013ல இருந்து அது குற்றம், வீடும் போயிடும்.

அந்தப் பிள்ளைன்ர விசாவையும் ஷெயர் கோட் (விசாவைப் பாக்க அவ எடுத்துத் தாற இலக்கம்) வாங்கி ஒன்லைன்ல பாத்து அந்தப் பக்கத்தை சேவ் பண்ணி வையுங்கோ. இங்கிலாந்தில வாடகைக்கு விடுற ஆள்தான் அதைப் பாக்கவேணும், லொட்ஜருக்கும் சேர்த்துத்தான், பாக்காம விட்டு அவவுக்கு இங்க வாடகைக்கு இருக்க உரிமை இல்லை எண்டு வந்தா முதல் தரமே 5,000 பவுண்ஸ் வரைக்கும் ஃபைன் அடிக்கலாம். பிறகு யூசி ஜேர்னல்ல (ஒன்லைன்ல உங்கட யூசி கணக்கில செய்தி எழுதுற இடம்) போய் அவ வாற திகதி, மாச வாடகை, சொந்தக்காரி இல்லை, லொட்ஜர் எண்டு நாலு வரி போட்டுவிடுங்கோ. வாடகைய பாங்குக்குப் போடச் சொல்லுங்கோ, கையில தந்தா ஒரு கொப்பியில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ.

அம்மாவிட்ட இருந்த பெடியன் படிச்சு முடிச்சுப் போயிட்டான். போன மாசம் இன்னொரு பிள்ளை வந்தது. அது பெட்டி இறக்கின அண்டைக்கே அம்மா என்னைக் கூப்பிட்டு போனைக் கையில தந்தவ, பென்ஷன் ஆக்களுக்கு இப்பவே எடு எண்டு.