கண் நலம் கேள்வி பதில்: வெளிச்சக் குண்டும் கண்ணுக்குத் தெரியாத லேசரும்

கேள்வி: என் மகன் தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) இருக்கிறான். போன வாரம் தெக்கோங் தீவில் இரவுப் பயிற்சியின்போது வானத்தில் வெளிச்சக் குண்டு விட்டார்களாம். இவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அது அணைந்தபின் கால் மணி நேரத்துக்கு ஒன்றும் சரியாகத் தெரியாமல் வேர் தடுக்கி விழுந்துவிட்டான். ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தாராம் சார்ஜண்ட். பார்வை கெட்டுவிடுமா? கேரட், முருங்கைக்கீரை கொடுக்கட்டுமா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: கெடாது அம்மா, நிம்மதியாகத் தூங்குங்கள். படம் ஓட ஆரம்பித்தபின் திரையரங்குக்குள் நுழைந்தால் இருக்கையைக் கையால் தடவித் தேடுவோமே, அதேதான் இதுவும். இருட்டில் பார்ப்பதற்கென்று விழித்திரையில் குச்சி செல்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சம் பட்டதும் வெளுத்துவிடும், மறுபடி முழுதாக ஊற 30 நிமிடம்கூட ஆகும், அதுவரை எவ்வளவு விழித்துப் பார்த்தாலும் பயனில்லை. இரண்டு கண்ணும் இந்த வேலையைத் தனித்தனியாகச் செய்வதால் சார்ஜண்ட் சொன்னது நூற்றுக்கு நூறு சரி: மூடிய கண் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும். நடுவில் கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் ஓரளவு இதே கதைதான், மகனிடம் சொல்லுங்கள். வரைபடம் பார்க்க மங்கலான சிவப்பு விளக்கு கொடுப்பதும் இதனால்தான், குச்சி செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாக உறைக்காது. இன்னொன்று, பார்வையின் நட்டநடு இடத்தில் குச்சி செல்களே கிடையாது, அதனால் இருட்டில் ஒன்றை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால்தான் தெரியும்.

கேரட்டால் இரவுப் பார்வை கூடும் என்பது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பரப்பிய செய்தி, அவர்களுடைய விமானிகளுக்கு உண்மையில் உதவியது ரேடார். வைட்டமின் ஏ குறைந்து மாலைக்கண் வந்தவர்களுக்குக் கீரை நிச்சயம் உதவும், நன்றாகச் சாப்பிடுகிற பையனுக்கு அதனால் பார்வை கூடிவிடாது. பிடித்தால் சமைத்துக் கொடுங்கள். மறுநாளும் பார்வையில் கறுப்புப் புள்ளி நின்றால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ரிசர்விஸ்ட் பயிற்சியில் (தேசிய சேவை முடித்தவர்களுக்கான பயிற்சி) நண்பன் ஒருவன் தூரம் அளக்கும் லேசர் கருவியை விளையாட்டாக என் பக்கம் திருப்பி அழுத்திவிட்டான். வலியில்லை, கூசவுமில்லை. விட்டுவிடலாமா?
– ஈசூன் வாசகர்

பதில்: விடாதீர்கள் தம்பி, இன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். வலியில்லை என்பதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை, விழித்திரையில் வலி நரம்பே கிடையாது. கூசும் வெளிச்சம் என்றால் கால் நொடியில் இமை தானே மூடிக்கொள்ளும். பழைய வகைக் கருவிகள் பலவற்றில் வருவது 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர். அது கண்ணுக்கே தெரியாது, எனவே இமையும் மூடாது. போதாக்குறைக்கு கருவிழியும் லென்ஸும் சேர்ந்து அதை விழித்திரையில் ஒரு புள்ளியாக, சுமார் 1,00,000 மடங்கு செறிவாகக் குவித்துவிடும். புதிய கருவிகள் பலவற்றில் 1.5 மைக்ரோமீட்டர் கதிர், அதைக் கண்ணின் முன்பகுதியே உறிஞ்சிக்கொள்வதால் ஆபத்து மிகக் குறைவு. உங்கள் மேல் பட்டது எந்த வகை என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அதுவரை ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் கணக்கு நோட்டுக் கட்டங்களைப் பாருங்கள், அப்புறம் கண்ணை மாற்றிப் பாருங்கள். கோடு வளைந்தாலோ கட்டம் ஒன்று காணாமல் போனாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

எதிரியை நிரந்தரமாகக் குருடாக்கவென்றே செய்யும் லேசர் ஆயுதங்களை 1995-ல் வியன்னாவில் தடை செய்தார்கள், 1998-ல் அது நடைமுறைக்கு வந்தது. போர்க்களங்களில் பரவுமுன்பே ஓர் ஆயுதத்தைத் தடுத்தது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் தூரம் அளக்கும் கருவி அந்தத் தடைக்குள் வராது. உங்கள் நண்பரையும் உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள், அவர் கையில் அந்தக் கருவி அடுத்த பயிற்சியிலும் இருக்கும்.