பூசைக்குப் போயும் மனதில் சமாதானம் இல்லை. அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தை எங்கே தேடுவது?

கேள்வி கேட்ட தம்பி எழுதியதன் சுருக்கம் இது: வயது 27, யாழ்ப்பாணம், கத்தோலிக்கக் குடும்பம். ஓட்டோவுக்கு எடுத்த லீசிங் மாதாமாதம் நெருக்குகிறது. அப்பா போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஆண்டுத் திவசம் வரப்போகிறது. ஞாயிறு பூசையைத் தவறவிடுவதில்லை, செபமாலையும் சொல்கிறார். இருந்தும் மனதில் அமைதி இல்லை. "எனக்கு விசுவாசமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, மனம் கலங்கியிருப்பதை வைத்து விசுவாசம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வேதத்தைத் திறந்து பார்த்தால் கலங்கியவர்கள்தான் அதில் நிறைய. திருப்பாடல் 13, ஆண்டவர் இன்னும் எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பார் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தம் உள்ளம் சாவு வருமளவுக்குத் துயரப்படுகிறது என்று சீடர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். கூடவே விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். சிலுவையில் அவர் கதறியது 22ஆம் திருப்பாடலின் முதல் வரி: ஏன் என்னைக் கைவிட்டீர்? இவ்வளவும் செபம் என்றுதான் எங்கள் கையில் தரப்பட்டிருக்கிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. விசுவாசம் இருந்தால் எப்போதும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும், கடன் அடைய வேண்டும், வீசா வர வேண்டும், வரவில்லை என்றால் உன் விசுவாசத்தில்தான் குறை என்று பேசும் கூட்டங்கள் இப்போது எங்கும் இருக்கின்றன. துக்கத்தில் இருக்கிற ஒருவன் தலையில் குற்ற உணர்ச்சியையும் ஏற்றிவைப்பது பெரிய அநியாயம். யார் பிரசங்கித்தாலும் அது எனக்குச் சம்மதம் இல்லை.

எங்கள் ஆட்கள் விசுவாசத்தைப் பழகிய விதம் வேறு. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி எழுதியது. குரல் வளம் உள்ள பெரியவர்கள் இழுத்து இழுத்து, கிட்டத்தட்ட ஒப்பாரி ராகத்தில் பாடுவார்கள். இயேசுவின் பாடுகளும் மாதா பட்ட துயரமும்தான் விஷயம். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களின் கண் கலங்கிவிடும். யார் மாதாவுக்காக அழுகிறார், யார் கடலில் போன கணவனுக்காக அழுகிறார், யார் பிள்ளைக்காக அழுகிறார் என்று பிரித்துப் பார்க்க முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை. வீட்டில் அழ இடமில்லாதவர்களுக்குக் கோயிலில் ஊரோடு சேர்ந்து அழ ஓரிடம் இருந்தது. போர்க்காலத்தில் அந்தப் பாட்டு எத்தனை பேரைத் தாங்கியது என்று நான் பார்த்திருக்கிறேன். இளம் ஆட்களுக்கு இப்போது அது நீளமாகப் படுகிறது. வருகிற பெரிய வாரத்திலாவது முழுவதும் இருந்து கேட்டுப் பாருங்கள்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அண்ணா 2009இல் வன்னியில் காணாமல் போனவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஒவ்வொரு நவம்பர் 2ஆம் திகதிக்கும், இறந்த ஆன்மாக்கள் தினத்துக்கு, பங்கில் பெயர்ப் பட்டியல் கொடுப்போம் அல்லவா? அம்மப்பா, அம்மம்மா, அப்பா, சித்தப்பா என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அண்ணாவின் பெயரை மட்டும் அவர் சொல்வதே இல்லை. ஒருமுறை பங்குச் சுவாமி மெதுவாகக் கேட்டார். "எழுதிக் கொடுத்தால் என்ர கையாலேயே அவனைப் புதைச்ச மாதிரி, சுவாமி" என்றார் அம்மா. சுவாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி அம்மா, பயணத்தில இருக்கிற ஆட்களுக்காகச் செபிக்கும்போது தம்பியையும் சேர்ப்பம்" என்றார். அதுமுதல் அப்படித்தான் நடக்கிறது.

இதில் ஒரு தீர்வும் இல்லை. அண்ணா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியை இறக்கி வைக்க அம்மாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. தினமும் பின்னேரம் செபமாலை முடிந்ததும் அண்ணாவின் பெயரைச் சொல்வார், பிறகு எழும்பிப் போய் இடியப்பத்துக்கு மாக் குழைப்பார். நித்திரை கொள்வார். விடிய எழும்புவார். அம்மாவிடம் சமாதானம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வேன். அழுகை நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. வாயை மூடிக்கொண்டு எல்லாம் கடவுள் சித்தம் என்று இருந்துவிட்டார் என்றும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம் தொடங்கியபோது, உடம்பு இடம் கொடுத்த வரைக்கும் அம்மாவும் அண்ணாவின் படத்தோடு போய் அந்தக் கொட்டகையில் இருந்தார். செபமும் நீதி கேட்பதும் அவருக்கு இரண்டு வேலையாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். உயிர்த்த இயேசு சீடர்களிடம் வந்தபோது அவர்கள் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். ஊரடங்கும் சுற்றிவளைப்பும் கண்ட எங்கள் தலைமுறைக்கு அந்தப் பூட்டிய கதவை விளக்க வேண்டியதில்லை. பயப்படுவதை நிறுத்துங்கள், அப்போதுதான் வருவேன் என்று அவர் வெளியே நிற்கவில்லை. உள்ளே வந்து நடுவில் நின்று, "உங்களுக்குச் சமாதானம்" என்றார். சொன்ன கையோடு தம் கைகளையும் விலாவையும் காட்டினார். காயம் மறைந்துபோகவில்லை. உயிர்த்த உடம்பிலும் ஆணி அடித்த அடையாளம் இருந்தது. கிறிஸ்தவ நம்பிக்கை என்று நான் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான்: கொன்றவர்களின் கையில் கதை முடியவில்லை, பட்ட காயமும் பொய்யாகிவிடவில்லை.

நவாலி புனித பேதுருவானவர் கோயிலுக்கு ஒருமுறை போய்வாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். 1995 யூலை 9ஆம் திகதி, இடம்பெயர்ந்து வந்து அந்தக் கோயிலிலும் அருகிலிருந்த முருகன் கோயிலிலும் தங்கியிருந்த சனத்தின் மேல் விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். வேதக்காரர், சைவக்காரர் என்று வித்தியாசம் இல்லை. அதே கோயிலில் ஒவ்வொரு யூலையிலும் அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள். கோயிலுக்குள் இருந்தால் ஒன்றும் நடக்காது என்ற நம்பிக்கை அந்த ஊருக்கு மிஞ்சியிருக்க முடியாது. இருந்தும் மணி அடித்தால் வருகிறார்கள். அவர்களோடு ஒரு பூசைக்கு இருந்து பாருங்கள்.

சரி, அன்றாடம் என்று கேட்டீர்கள். ஞாயிறு பூசை மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம். வீட்டுச் செபம் வேண்டும். எங்கள் சரித்திரமே அதற்குச் சாட்சி. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதே குற்றம். 1687இல் யோசேவ் வாஸ் சுவாமி கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது வருடம், எங்கள் ஆட்களுக்கு நிலையாக ஒரு குரு இல்லை. அவர் நோயோடு வந்து இறங்கினார். தேறியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார், அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று தெரிந்துகொள்ள. முகம் மாறியவர்கள் இருந்தார்கள். சில்லாலை ஊர் அவரை வைத்துக் காப்பாற்றியது. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அந்த வேடதாரிச் சுவாமியைவிட எனக்கு அதிகம் ஞாபகம் வந்தது அந்த முப்பது வருடத்துத் தாய்மார்தான். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மனதில் என்ன உணர்வு இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. செபத்தை மட்டும் விடவில்லை.

நீங்களும் பின்னேரம் ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டோ ஓடுகிறவருக்கு ஆறரை, ஏழு மணிதான் நல்ல ஓட்டம் கிடைக்கும் நேரம் என்று தெரியும். அப்படியானால் விடிய எடுக்கும்போதோ இரவு வீட்டுக்கு வந்த பிறகோ. அம்மாவையும் கூப்பிடுங்கள், அவரும் கணவனை இழந்தவர்தானே. முழுச் செபமாலை முடியாவிட்டால் ஒரு காரணிக்கம், அதாவது அதில் ஒரு பத்து மணிகள், போதும். பிறகு பெயர்களைச் சொல்லுங்கள்: அப்பா, அன்று சவாரி வந்த வருத்தக்கார அம்மா, சண்டை பிடித்த ஆள். கோபம் இருந்தால் கோபத்தையும் சொல்லுங்கள். அப்பாவை ஏன் எடுத்தீர் என்று கேட்க வேண்டும் போலிருந்தால் கேளுங்கள். ஒன்றும் உணரவில்லையா, பரவாயில்லை, அடுத்த நாளும் இருங்கள்.

லீசிங் விஷயத்துக்கும் வேதத்தில் ஒரு வழி இருக்கிறது, ஆனால் காசு வானத்திலிருந்து விழும் வழி இல்லை. கர்த்தர் கற்பித்த செபத்தில் நாங்கள் அன்றன்றைக்கு வேண்டிய உணவைத்தான் கேட்கிறோம். பாலைவனத்தில் மன்னாவைச் சேர்த்து வைத்தவர்களுக்கு அது மறுநாள் புழு வைத்தது. இன்றைய நாளுக்கு இன்றைய பாடு போதும் என்று இயேசுவும் சொன்னார். நான்கு வருடத் தவணையையும் ஒரே இரவில் தலைக்குள் கட்டி முடிக்கப் பார்த்தால் நித்திரை எங்கிருந்து வரும்? இந்த மாதத் தவணை, இந்த வாரப் பெற்றோல், அவ்வளவுதான் இன்றைக்கு. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் பக்கத்து வள்ளங்கள் கரையில் கிடந்தபோது அப்படித்தான் சமாளித்தோம். அரிசி இருந்த வீடு அரிசி கொடுத்தது, விறகு இருந்த வளவு விறகு கொடுத்தது. பக்கத்து வீட்டுச் சைவ மாமி தன் முருங்கையை எங்களுக்கென்றே விட்டுவைத்தார். ஒவ்வொரு நத்தாருக்கும் எங்கள் பலகாரம் முதலில் போவது அவர் வீட்டுக்குத்தான். கடவுள் தந்தார் என்று நான் சொல்லும்போது அந்த மாமியின் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆகவே கஷ்டத்தைத் தனியாக வைத்துக்கொண்டிருக்காதீர்கள். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால் தவறவிடுவதற்கு முன்பே, விபரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த நிறுவனத்தோடு கதையுங்கள். உங்கள் பங்கில் அன்பியக் கூட்டம், அதாவது அயல் வீட்டார் சேர்ந்து செபிக்கும் சிறு குழு, நடந்தால் அதற்குப் போங்கள். பூசை முடிந்ததும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள், அன்பியத்தில்தான் ஆட்களோடு இருந்து கதைக்க முடியும். சத்தமில்லாத இடம் வேண்டுமென்றால் மருதனார்மடத்துக் கிறிஸ்தசேவா ஆச்சிரமத்துக்குப் போய் இருந்துவிட்டு வரலாம். அது எங்கள் திருச்சபையுடையது இல்லை என்பதற்காகத் தயங்காதீர்கள்.

இன்னொன்று. இரவில் நித்திரையே இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், அதைச் செபத்தால் மட்டும் தாங்கப் பார்க்காதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதை யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான்.

அப்பாவின் ஆண்டுப் பூசைக்குக் கருத்து (யாருக்காகப் பூசை என்று) கொடுக்கப் போகும்போது உங்கள் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். உயிரோடு இருப்பவர்களுக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம், பலருக்கு அது தெரிவதில்லை. பங்குச் சுவாமி ஏன் என்று கேட்டால், இங்கே எங்களுக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள்.