ஆல்ப்ஸ் கணவாய்களில் ஸ்போர்ட்ஸ் கார்: கேள்வி பதில்

பல கோடைகளாக ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில், தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் இரண்டு இருக்கைக் காரில் சுற்றி வருகிறேன். சாலை, பிரேக், டயர், சட்டம் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். எந்தக் கார் வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எந்த மாதம் போகலாம்?

உயரமான கணவாய்கள் குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக் கிடக்கும். மே இறுதியிலோ ஜூனிலோ திறந்து, அக்டோபர், நவம்பர் வாக்கில் மறுபடி மூடிவிடுவார்கள். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும், சாலையும் காய்ந்திருக்கும். ஆனால் காலையில் வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். முதல் பத்து கிலோமீட்டரில் வீரம் வேண்டாம்.

சுவிட்சர்லாந்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது. எந்த வழி?

சுஸ்டன், கிரிம்செல், ஃபுர்கா. மூன்று கணவாய்களும் சேர்ந்து ஒரு வட்டம், ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ஆண்டர்மாட்டில் இரவு தங்கி, காலையில் வாசன் என்ற ஊருக்கு இறங்கி, முதலில் சுஸ்டன் ஏறுங்கள். மற்ற பல கணவாய்ச் சாலைகள் குதிரை வண்டிக்காகப் போடப்பட்டவை. சுஸ்டன் அப்படியல்ல, 1938 முதல் 1945 வரை மோட்டார் வாகனங்களை மனத்தில் வைத்தே அமைத்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்த சில நிமிடங்களில் அது கைக்குத் தெரியும். ஒரு வளைவு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும், மூன்றாம் கியரிலேயே நெடுந்தூரம் போகலாம்.

அடுத்தது கிரிம்செல், அணைகளும் வழுவழுப்பான கருங்கல் பாறைகளும். கிளெட்ஷில் திரும்பினால் ஃபுர்கா ஏற்றம். அங்கே ஒரு வளைவின் மடியில் பெல்வெடேர் ஹோட்டல் பூட்டிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் ரோன் பனியாறு அதன் அருகிலேயே நின்றது, இன்று வெகுவாகப் பின்வாங்கிவிட்டது. நின்று பாருங்கள். அதற்குப் பிறகு சாலை குறுகும். பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது, ஓரத்தில் வரிசையாக நட்ட கற்கள்தான். கல்லுக்கு அப்பால் பள்ளத்தாக்கு.

ஒரு வளைவுக்குள் நுழையும் முன் மூன்று சுர ஹாரன் கேட்டால் அது மஞ்சள் அஞ்சல் பஸ். ஒதுங்கி நில்லுங்கள். மலை அஞ்சல் சாலை என்று நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருக்கும் இடங்களில், வழிவிடுவதில் அந்த ஓட்டுநர் சொல்வதுதான் சட்டம். பின்னால் போகச் சொன்னால் போக வேண்டும்.

இறக்கத்தில் பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தது. பிரேக் பேட் மட்டமானதா?

பேட் அல்ல, உங்கள் வலது கால். இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வராமல், ஒருமுறை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுவதும் விடுங்கள். விட்ட நேரத்தில்தான் பிரேக் தட்டு ஆறும்.

வாடையைவிட ஆபத்தானது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி, மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். எனக்கு ஒருமுறை அப்படிப் போனது. இரண்டாவது மிதியில் பாதி பிடித்தது, மூன்றாவதில் கார் நின்றது. இறங்கிச் சக்கரத்தருகே குனிந்தால் முகத்தில் அடுப்பின் அனல். பயணத்துக்கு முன் ஆயிலை மாற்றுங்கள்.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயைப் பட்டியலில் காணோமே?

வேண்டுமென்றேதான் விட்டேன். பிராட்டோ ஊரிலிருந்து ஏறும் பக்கம் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஒவ்வொன்றிலும் முதல் கியர், முழுத் திருப்பு, எதிரே மிதிவண்டிக் கூட்டம், நடுவில் ஒரு பஸ். உங்கள் கார் அங்கே மூச்சுவிடவே முடியாது. உட்புற வளைவின் செங்குத்தில் முன் பம்பரின் அடி உரசும் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

2757 மீட்டர் உயரத்தில், 1825-இல் முடித்த பொறியியல் சாதனை. அதைப் போய்க் குறை சொல்கிறீர்களே!

சாதனைதான், நான் மறுக்கவில்லை. பொறியாளர் டொனெகானி அமைத்த அந்தச் சாலையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் பார்ப்பது வேறு, ஓட்டுவது வேறு.

நான் ஓட்டினேன், மகிழ்ச்சியாகவே இருந்தது. நீங்கள் நண்பகலில் போயிருப்பீர்கள்.

ஆமாம், ஆகஸ்டில், ஞாயிற்றுக்கிழமை நண்பகலில்.

அப்படியானால் குற்றம் சாலையுடையதல்ல. காலை 6 மணிக்கு மறுபுறம் போர்மியோ ஊர்ப் பக்கமாக ஏறி, உச்சிக்குச் சற்று முன்னால் அம்ப்ரயில் கணவாய் வழியாகச் சுவிட்சர்லாந்துக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்ப்ரயில் நல்ல சாலை, அதை நான் மறந்திருக்கக் கூடாது. காலை 6 மணி என்றால் ஒப்புக்கொள்கிறேன். பிராட்டோ பக்கம் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

ஸ்டெல்வியோவுக்கு எந்த மாதம் நல்லது?

முதல் கேள்வியைப் படியுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இறக்கத்தில் என்ன செய்வது?

கைமுறை நிலைக்கு மாற்றி இரண்டாம் கியரில் வையுங்கள். தானாக விட்டால் அது எரிபொருள் மிச்சம் பிடிக்க மேல் கியருக்குத் தாவும், பாரம் பிரேக்குக்குப் போகும்.

டர்போ இல்லாத கார். உச்சியில் இழுவை குறையுமா?

குறையும். 2500 மீட்டரில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது, சக்தியும் அதே அளவு. கார் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

வேகக் கேமராவைக் காட்டும் கருவி எடுத்துப் போகலாமா?

சுவிட்சர்லாந்தில் அதை வைத்திருப்பதே குற்றம். ஊருக்கு வெளியே வரம்பு 80. அதில் 140-ஐத் தொட்டால் சிறைத் தண்டனை, கார் பறிமுதல் வரை போகும். நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான 40 பிராங்கு விக்னெட் வில்லையையும் மறக்காதீர்கள்.

வாடகைக்கு எடுத்தால்?

ஒப்பந்தத்தில் டயர், சக்கர விளிம்பு, அடிப்பகுதி ஆகியவற்றுக்குக் காப்பீடு உண்டா, எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று பாருங்கள். மலையில் அடிபடுவது அந்த மூன்றும்தான்.

எந்தக் கார் வாங்கலாம்?

மேலே சொல்லிவிட்டேன்.

பந்தயத்துக்கான பேட் போட்டால் இறக்கத்தில் கவலையில்லைதானே?

குளிர்ந்திருக்கும்போது அவை சரியாகப் பிடிக்காது, கிறீச்சிடும். இரண்டாம் கியர், ஐயா. இரண்டாம் கியர்.

காலை 6 மணிக்கு ஸ்டெல்வியோ உச்சியில் காப்பி கிடைக்குமா?

பிளாஸ்கில் கொண்டு போங்கள்.