மண்ணைக் கேட்டால் மீனைச் சொல்லும்

கேள்வி: கடலடியில் எந்த மீன் எங்கே தங்கும் என்று கணினி முன்கூட்டியே சொல்லிவிடுமாமே, நம்பலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: மீனைப் பொறுத்தது. ஓடித் திரியும் சூரைக்குக் கடல்தரையைப் பார்த்துப் பயனில்லை. ஐரோப்பாவின் வட கடலில் வாழும் சாண்ட் ஈல் வேறு ரகம். இரவிலும், குளிர்காலத்தில் பெரும்பாலும், மணலுக்குள் புதைந்தே கிடக்கும். மணல் பருபருவென்று இருக்க வேண்டும். வண்டல் 4 சதவீதத்தைத் தாண்டினாலே அரிதாகிவிடும். 10-ஐத் தாண்டினால் தேடவே வேண்டாம். நுண்மண்ணில் தண்ணீர் ஓடாது, செவுள் அடைத்துக்கொள்ளும்.

இரும்புக் கவ்வியை இறக்கி மண்ணை அள்ளி, சலித்து, எடை போடுகிறார்கள். ஆழம், சரிவு, வண்டல், மீன் இருந்த இடம், இல்லாத இடம் எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்தால், மண் அள்ளாத இடத்துக்கும் 0 முதல் 1 வரை ஒரு வாய்ப்பு எண் வரும். ‘இல்லாத இடம்’ பற்றிய பதிவுதான் உயிர்நாடி. அது சேராத வரைபடத்தை நான் எளிதில் ஏற்கமாட்டேன். இன்னொன்று: எண் கூடுதலாக இருந்தால் இடம் தோதானது என்றுதான் பொருள். அங்கே மீன் இருந்தே தீரும் என்றல்ல. வலை அள்ளிப் போயிருக்கலாம்.

பஃபின் பறவைக் குஞ்சுகளுக்கு இந்த மீன்தான் முக்கிய இரை. அதனால்தான் 2024-இல் பிரிட்டன், வட கடலின் தன் பகுதியில் சாண்ட் ஈல் பிடிப்பை நிறுத்தியது. எனக்கு அதில் முழு உடன்பாடு.